‘நகை போடுங்கள்’: ஒரு சட்டக் கொள்கை பிறந்த கதை

1982ஆம் ஆண்டு. அமெரிக்காவின் பெரிய தணிக்கை நிறுவனங்களில் ஒன்றான பிரைஸ் வாட்டர்ஹவுஸ், பங்குதாரராக உயர்த்துவதற்காக 88 பேரின் பெயர்களைப் பரிசீலித்தது. அவர்களில் 87 பேர் ஆண்கள். மிச்சமிருந்த ஒரே பெண் ஆன் ஹாப்கின்ஸ். அப்போது அங்கே இருந்த 662 பங்குதாரர்களில் பெண்கள் ஏழே பேர்.

ஹாப்கின்ஸ், வாஷிங்டன் அலுவலகத்தின் ஆலோசனைப் பிரிவில் வேலை பார்த்தார். அமெரிக்க வெளியுறவுத் துறையின் 2.5 கோடி டாலர் ஒப்பந்தம் நிறுவனத்துக்குக் கிடைக்க முக்கியக் காரணம் அவர்தான். பெரிய ஒப்பந்தங்களைப் பிடிப்பதில் மற்ற 87 பேரில் அவருக்கு நிகர் யாருமில்லை என்று பின்னாளில் அவர் தொடர்ந்த வழக்கை விசாரித்த நீதிபதியே குறிப்பிட்டார். கடுகடுப்பானவர், கீழே உள்ளவர்களிடம் பொறுமையில்லாதவர் என்ற புகாரும் இருந்தது. அது இட்டுக்கட்டியதல்ல என்பதையும் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

பங்குதாரர்கள் அதோடு நிற்கவில்லை. ஆண்பிள்ளைத்தனமானவர் என்று ஒருவர் எழுதினார். நளினம் கற்றுத்தரும் வகுப்புக்கு அனுப்பலாம் என்றார் இன்னொருவர். முடிவு அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போனது. காரணத்தை விளக்கியவர், ஹாப்கின்ஸை ஆதரித்த ஒரு மூத்த பங்குதாரர். நடையிலும் பேச்சிலும் உடையிலும் பெண்மை தெரியட்டும், ஒப்பனை செய்துகொள்ளுங்கள், முடியை அழகுபடுத்துங்கள், நகை போடுங்கள் என்று அவர் யோசனை சொன்னார்.

மறுமுறை ஹாப்கின்ஸின் பெயரே முன்மொழியப்படவில்லை. 1984இல் வேலையை விட்டு விலகி, 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடர்ந்தார்.

எந்த நிறுவனத்துக்குப் போனாலும் வவுச்சர் எங்கே என்று கேட்பது தணிக்கைத் தொழில். இந்த வழக்கில் அந்த நிறுவனத்தின் பங்குதாரர்கள் எழுதிக் கொடுத்த கருத்துகளே சாட்சியாயின. அவற்றில் பாலினம் பற்றிய வார்ப்பு எண்ணங்கள் எப்படி வேலை செய்தன என்று உளவியலாளர் சூசன் ஃபிஸ்க் நீதிமன்றத்தில் விளக்கினார்.

நியாயமான காரணமும் பாகுபாடும் ஒரே முடிவில் கலந்திருந்தால் யார் எதை நிரூபிக்க வேண்டும்? 1989 மே 1 அன்று, அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6–3 என்ற கணக்கில் இதற்கு விடை சொன்னது. முடிவில் பாலினத்துக்கும் பங்கு இருந்தது என்று ஊழியர் காட்டிவிட்டால், அது இல்லாவிட்டாலும் இதே முடிவைத்தான் எடுத்திருப்போம் என்று நிரூபிக்கும் பொறுப்பு நிறுவனத்தைச் சேரும். பெண் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பை வைத்து ஒருவரை ஒதுக்குவதும் பாலினப் பாகுபாடே என்ற கொள்கை இந்தத் தீர்ப்பில்தான் வேரூன்றியது. அதட்டிப் பேசாதவருக்குப் பதவி கிடைக்காது, அதட்டிப் பேசும் பெண்ணுக்கும் கிடைக்காது என்றால் அவர் எந்தப் பக்கம் போவார் என்பதே நீதிபதி பிரென்னன் எழுதிய கருத்தின் சாரம்.

வழக்கு மீண்டும் கீழ் நீதிமன்றத்துக்கு வந்தது. ஹாப்கின்ஸைப் பங்குதாரராக்கி, இழந்த ஊதியத்தையும் தரவேண்டும் என்று 1990இல் உத்தரவானது. 1991இல் அதே நிறுவனத்துக்குப் பங்குதாரராகத் திரும்பிய ஹாப்கின்ஸ், 2002இல் ஓய்வு பெற்றார். நாடாளுமன்றமும் 1991இல் சட்டத்தை இறுக்கியது. முடிவுக்குப் பாகுபாடு ஒரு தூண்டுகோலாக இருந்தாலே அது சட்டமீறல்; எப்படியும் இதே முடிவுதான் என்று நிறுவனம் நிரூபித்தால், ஊழியருக்குக் கிடைக்கும் நிவாரணம் மட்டுமே குறையும்.

ஹாப்கின்ஸுக்கு யோசனை சொன்னவர் அவருடைய எதிரியல்ல, நலம் விரும்பி. பாகுபாடு அப்படியும் வரும். ஊழியரின் மதிப்பீட்டை எழுதும் பொறுப்பில் இருப்பவர்கள், கையெழுத்துப் போடும் முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இவர் ஆணாக இருந்தால் இதே வரியை எழுதியிருப்பேனா?