பண்ணைக்குட்டை மீன்களில் வால் கரைதல், சதை அழுகல்: காரணத்தைக் கண்டறிவது எப்படி?

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் பண்ணைக்குட்டையில் கட்லா, ரோகு, மிர்கால் வளர்ப்பவர்களுக்கு ஐப்பசி முதல் தை வரை கவலையான காலம். மீனின் வால் நுனி கரைந்திருக்கும். செதில் உதிர்ந்த இடம் சிவந்திருக்கும். சில மீன்களில் சதையே குழி விழுந்திருக்கும். உடனே கடையில் கொடுத்த மருந்தை வாங்கி ஊற்றுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. ஆனால் வலைக் காயம், ஒட்டுண்ணி, பாக்டீரியா, பூஞ்சை, கெட்டுப்போன தண்ணீர் என எது காரணமானாலும் கடைசியில் ஒரே மாதிரியான புண்ணாகத்தான் தெரியும். அதற்குச் செய்ய வேண்டியது மட்டும் ஒவ்வொன்றுக்கும் வேறு.

கரையில் நின்றே பாதி தெரிந்துவிடும்

எல்லா இன மீனும் ஒரே நேரத்தில் சோர்ந்து, விடியற்காலையில் மேலே வந்து வாய் திறந்தால் முதலில் தண்ணீரைச் சந்தேகிக்க வேண்டும். புண்ணே இல்லாமல் ஒரே நாளில் மீன் செத்து மிதந்து, தவளையும் நீர்ப்பூச்சியும் சேர்ந்து செத்திருந்தால் அது நோய் அல்ல. பக்கத்துப் பருத்தி, மக்காச்சோள வயலில் அடித்த மருந்து மழையோடு இறங்கியிருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும். புண் விழ நாள் ஆகும். நஞ்சுக்கு அவ்வளவு நேரம் தேவையில்லை.

மீன் பிடித்து எடை பார்த்த 2, 3 நாளில் செதில் உதிர்ந்திருந்தால் வலைக் காயம். பெரும்பாலும் தானே ஆறிவிடும். ஒரு சில மீன்களில் மட்டும், ஒரு பக்கமாகக் குத்திய தழும்பு இருந்தால் நீர்க்காகத்தின் வேலை.

கையில் எடுத்துப் பார்க்கும்போது

காலை நேரத்தில் வீச்சு வலையில் 10, 15 மீன்களைப் பிடித்து, கையை நனைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். செத்த மீனை வைத்து முடிவெடுக்கக் கூடாது. செத்த சில மணி நேரத்திலேயே உடம்பு அழுகத் தொடங்கி அடையாளங்கள் மறைந்துவிடும்.

துடுப்பு அடியிலும் செதில் இடுக்கிலும் வட்டமான, தட்டையான, கண்ணாடி போன்ற பூச்சி நகர்ந்தால் அது மீன் பேன். நூல் துண்டு போல வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் நங்கூரப் புழு. இந்த மீன்கள் கரையிலும் கல்லிலும் உடம்பைத் தேய்க்கும், துள்ளும். புண்ணுக்கு மருந்து போட்டு இங்கே பயனில்லை. ஒட்டுண்ணியை ஒழிக்க வேண்டும். மீன் பேன் கெட்டியான பொருளின் மேல்தான் முட்டையிடும். அதனால் குட்டையில் மூங்கில் கம்புகளை நட்டு, வாரம் ஒருமுறை எடுத்து வெயிலில் நன்றாகக் காயவைத்தால் முட்டைகள் அழியும். செலவில்லாத முறை, ஆனால் விடாமல் செய்ய வேண்டும்.

வாய் ஓரத்திலும் முதுகிலும் சாம்பல் வெள்ளையாகப் படலம் படர்ந்து, துடுப்பு ஓரம் கந்தலாகி, செவுள் வெளுத்து அழுகினால் அது பாக்டீரியா நோய். பஞ்சு போலத் தெரிவதால் பூஞ்சை என்று ஏமாந்துவிடுவார்கள். இது சித்திரை வெயிலில், நெரிசலான குட்டையில் வரும். தீவனத்தைக் குறைத்து, புதுத் தண்ணீர் விட்டு, மீன் எண்ணிக்கையைக் குறைப்பதுதான் முதல் வேலை.

மழைக்குப் பிறகு, மார்கழிக் குளிரில், உடம்பில் சிவப்புப் புள்ளி தோன்றி அது ஆழமான குழிப்புண்ணாக மாறினால் புண் நோய் என்று சந்தேகிக்கலாம். பூஞ்சை போன்ற ஒரு நுண்ணுயிரி தோலைத் துளைத்துச் சதைக்குள் இறங்குவதால் வருவது இது. இந்தியாவுக்குள் 1988-ல் வடகிழக்கு மாநிலங்கள் வழியாக வந்தது. இதில் ஒரு நல்ல துப்பு உண்டு: விரால், மிர்கால், ரோகுக்குப் புண் வந்து, அதே குட்டையில் உள்ள திலேப்பியாவும் சாதாக்கெண்டையும் நன்றாக இருந்தால் சந்தேகம் வலுக்கும். அந்த இரண்டும் இந்த நோயை நன்றாகத் தாங்கக்கூடியவை.

சுண்ணாம்பு போடும் முன்

புண் நோய் என்றதும் சுண்ணாம்பைக் கொட்டுவது பழக்கம். மற்ற மாவட்டங்களில் சரியாக இருப்பது இங்கே எப்போதும் சரியாக இருக்காது. அரியலூர் பக்கம் சிமெண்ட் ஆலைகளுக்கு வெட்டுகிற சுண்ணாம்புப் பாறை, பல கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தபோது படிந்தது. அந்த நிலத்தில் வெட்டிய குட்டையின் தண்ணீரே காரமாக இருக்கலாம். கார அமிலத் தன்மை 8.5-க்கு மேல் இருந்தால் சுண்ணாம்பு போடக் கூடாது. தண்ணீரில் கழிவால் சேர்ந்த அம்மோனியா, காரம் கூடக் கூட நஞ்சாக மாறும். புண்ணோடு பிழைத்திருக்கும் மீன் அதில் செத்துவிடும். மதிய வேளையில் காரம் ஏறும் என்பதால் காலை, மதியம் இரண்டு வேளையும் சோதிக்க வேண்டும்.

புண் நோய்க்குப் புவனேஸ்வரில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் கண்டுபிடித்த சிஃபாக்ஸ் மருந்தை, ஒரு ஹெக்டேர் பரப்பில் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீருக்கு 1 லிட்டர் என்ற அளவில் நீரில் கலந்து தெளிக்கலாம். 30 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலத்துக்குத் தண்ணீர் பரவி 1.5 மீட்டர் ஆழம் இருந்தால் 135 மில்லி போதும். கரைச் சரிவைக் கழித்தால் இன்னும் குறையும். கண் அளவில் ஊற்ற வேண்டாம். குளோராம்பெனிகால் போன்ற தடை செய்யப்பட்ட மருந்துகளை யார் சொன்னாலும் வாங்கக் கூடாது.

உறுதி செய்ய

புண்ணின் ஓரத்துச் சதையை நுண்ணோக்கியில் பார்த்தால்தான் புண் நோயை உறுதிப்படுத்த முடியும். நோய் தெரிகிற, உயிருள்ள 3 முதல் 5 மீன்களை ஆக்சிஜன் நிரப்பிய பாலித்தீன் பையிலும், குட்டைத் தண்ணீரைத் தனியாகச் சுத்தமான பாட்டிலிலும் எடுத்துச் செல்லுங்கள். வழியில் மீன் செத்தால் ஐஸில் வையுங்கள், உறைய வைக்க வேண்டாம். பெரம்பலூர் விவசாயிகள் வாலிகண்டபுரத்திலும், அரியலூர் விவசாயிகள் சோழமாதேவியிலும் உள்ள வேளாண் அறிவியல் மையங்களையோ, மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தையோ அணுகி எங்கே பரிசோதிப்பது என்று கேட்கலாம். மீன் எப்போது விட்டது, கடைசியாக எப்போது மழை பெய்தது, என்ன தீவனம், எந்த நாளில் முதல் புண் தெரிந்தது என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் அங்கே பாதி நேரம் மிச்சமாகும்.

முடிவு தெரியும் வரை அந்தக் குட்டை மீனை வேறு குட்டைக்கு மாற்றக் கூடாது. தண்ணீரை ஏரி வாய்க்காலில் திறந்துவிடவும் கூடாது. செத்த மீன்களைக் கரையிலிருந்து தள்ளிக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். இரவல் வாங்கிய வலையாக இருந்தால், திருப்பிக் கொடுக்கும் முன் நல்ல வெயிலில் முழுதாகக் காயவையுங்கள்.