சுக்கானும் சிறகும்



திருகோணமலைப் பகுதியில் கப்பல்துறை என்றோர் ஊர் உண்டு. பெயரிலே கப்பலைத் தாங்கிய அவ்வூருக்கு அணித்தே, சீனன்குடாவில், விமானத்தளம் அமைந்திருக்கிறது. கப்பலும் விமானமும் இவ்வாறு அயலவராய் அமைந்தது தற்செயலே. ஆயினும் இரண்டையும் செலுத்தும் கலைக்குள் ஒரு பழைய உறவு உண்டு. வானொலி அலையால் இயக்கி, வானிலே கரணமடிக்கச் செய்யும் மாதிரி விமானங்கள் வரை அவ்வுறவு தொடர்கிறது. அவ்வரலாற்றையே இன்று சொல்ல விழைகிறேன்.

கப்பல் திரும்பச் சுக்கான் திரும்ப வேண்டும் என்பதைத் துறைமுகத்து மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால் கலம் பெரிதாகுந்தோறும் சுக்கானின் மேல் நீரின் வலிமையும் பெரிதாகிறது. 1858இல் நீரில் இறங்கிய ‘கிரேட் ஈஸ்டேர்ன்’ என்னும் கப்பலின் நீளம் 211 மீற்றர். அதன் சுக்கானைக் கைவலியால் அடக்குவது பெரும்பாடாயிற்று. 1860களில் மக்ஃபார்லேன் கிரே என்ற பொறியியலாளர் அதற்கென நீராவிப் பொறி ஒன்றை அமைத்தார். மாலுமி சக்கரத்தைத் திருப்பியதும் நீராவி வழி திறக்கும். பொறி சுக்கானைத் தள்ளும். வேண்டிய கோணத்தைச் சுக்கான் அடைந்ததும் வழி தானே மூடிக்கொள்ளும். ஏவியதைச் செய்து, ஏவிய அளவிலே நின்றுவிடும் பணியாள் அது. பிரெஞ்சுப் பொறியியலாளர் ஃபார்கோ 1873இல் வெளியிட்ட நூலில் இத்தகைய பொறியைச் ‘சேர்வோ’ என்று குறித்தார். அடிமையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது அப்பெயர்.

விமானத்துக்கோ ஒரு சுக்கான் போதாது. வாலில் நிமிர்ந்து நிற்கும் சுக்கான் மூக்கை இடமும் வலமும் திருப்பும். வாலில் கிடையாக அமைந்த எலிவேட்டர் மூக்கை ஏற்றி இறக்கும். இறக்கைகளின் பின்விளிம்பில் கீலிட்ட எய்லரோன்கள், ஒன்று மேலெழ மற்றொன்று தாழ, விமானத்தைப் பக்கவாட்டில் புரட்டும். இம்மூன்றும் காற்றுக்கு எதிராகவே அசைய வேண்டும். வேகம் இருமடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்மடங்காகும் என்பதே இதிலுள்ள இடர்.

அவ்விடரின் விலையைச் சீனன்குடா அறியும். 1942 ஏப்ரல் 9ஆந் திகதி காலையில் யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. சீனன்குடாவிலிருந்து பிரித்தானிய 261ஆம் அணியின் ஹரிக்கேன் விமானங்கள் எதிர்த்தெழுந்தன. அவற்றுட் பல வீழ்ந்தன. யப்பானியரின் சீரோ விமானம் குறைந்த வேகத்தில் வியக்கத்தக்க சுறுசுறுப்புடன் திரும்ப வல்லது. அதன் குறைபாடு பின்னரே வெளிப்பட்டது. அதே ஆண்டில் அலாஸ்காவின் அக்குத்தான் தீவில் வீழ்ந்து கிடந்த சீரோ ஒன்றை அமெரிக்கர் செப்பனிட்டுப் பறந்து சோதித்தனர். மணிக்கு ஏறத்தாழ 370 கிலோமீற்றருக்கு மேல் அதன் எய்லரோன்கள் இறுகிவிட்டன. விமானியின் புயவலியைக் காற்று வென்றது. அதன்பின் வேகமாகப் பாய்ந்து புரண்டு தப்புமாறு விமானிகள் அறிவுறுத்தப்பட்டனர்.

மாதிரி விமானத்தில் அமர்ந்து செலுத்த ஆளில்லை. 1898இல் நிக்கொலா தெஸ்லா வானொலியால் ஒரு படகைச் செலுத்திக் காட்டினார். 1937இல் அமெரிக்காவின் குட் சகோதரர் மாதிரி விமானத்தையே அவ்வாறு பறக்கவிட்டனர். 1960இல் கரண விமானங்களுக்கு முதல் உலகப் போட்டி சுவிற்சர்லாந்தில் நடைபெற்றது. இன்று அவற்றில் விமானியின் புயமாக விளங்குவது தீப்பெட்டியளவான மின்சாரச் சேர்வோ.

அப்புயத்தை அமைப்பதிலேதான் திறமை. சேர்வோவின் கரத்தை இருமடங்கு நீளமாக்கினால் அசைவு இருமடங்காகும். தள்ளும் வலி பாதியாகும். ஆகவே தேவைக்கு மிஞ்சிய நீளம் ஆகாது. நீண்ட கரத்தை வைத்துக்கொண்டு கைக்கருவியில் அசைவைக் குறைப்பவர் வலியையும் நுட்பத்தையும் ஒருங்கே இழக்கிறார். நடுநிலையில் கரமும் தள்ளுகோலும் செங்கோணத்தில் நின்றால் இருபுற அசைவும் ஒத்திருக்கும். கீலிலோ இணைப்பிலோ தளர்வு இருத்தலாகாது. தளர்ந்த எய்லரோன் வேகத்தில் படபடத்துச் சில நொடியில் இறக்கையையே பிய்த்துவிடக்கூடும். இடத்திலே தொங்கிச் சுழலும் கரணங்களுக்கு 45 பாகை வரை அசையும் அகன்ற எலிவேட்டர் வேண்டும். விரைந்து நேர்கோடு வரையும் கரணங்களுக்குச் சிறு அசைவே போதும்.

மாதிரி விமானம் வீழ்ந்தால் மரச்சட்டம் முறியும், மறுநாள் ஒட்டிக்கொள்ளலாம். சீனன்குடா வானில் வீழ்ந்தவர்களுக்கு அந்த மறுநாள் வாய்க்கவில்லை. கையின் ஏவலைச் சிறகு கேட்குமா என்று நிலத்திலேயே சோதித்துப் பார்ப்பவன், அவர்கள் விட்டுச்சென்ற பாடத்தைப் படித்தவனாவான்.