தரைவழிப் பயணமும் சாலை அமைத்த கைகளும்

சிங்கப்பூர்த் தமிழர் வரலாறு என்றவுடன் நம் மனக்கண்முன் முதலில் தோன்றுவது கப்பலே. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஏறி, பினாங்கைத் தொட்டு, இத்தீவில் வந்து இறங்கியோரின் கதையே நம்மில் பலருடைய குடும்பக் கதை. 1926ஆம் ஆண்டு முதல் 1970களின் தொடக்கம் வரை அக்கடலில் ஓடிய ‘ரஜூலா’ என்னும் கப்பலின் பெயரை அறியாத மூத்தோர் இங்கு அரியர். ஆதலின், தாயகத்திற்கும் நமக்கும் இடையே கிடப்பது கடல் என்றே நாம் எண்ணிப் பழகிவிட்டோம்.

ஆயினும் நிலப்படத்தை விரித்து நோக்குவோர்க்கு வேறோர் உண்மை புலப்படும். சென்னையிலிருந்து வடக்கே சென்று, வங்கத்தையும் அசாமையும் கடந்து, பர்மா, சயாம், மலாயா வழியாக ஜொகூர் வரை நிலம் அறுபடாமல் தொடர்கின்றது. எஞ்சியிருந்த சிறு நீரிணையையும் ஜொகூர்க் கடற்பாலம் இணைத்துவிட்டது. 1923இல் அதன்மீது தொடர்வண்டி ஓடத் தொடங்கியது. 1924ஆம் ஆண்டு ஜூன் திங்களில் அது முறைப்படி திறக்கப்பெற்றது. அவ்வாறாயின், ஒருவர் வண்டியேறிச் சிங்கப்பூர் வரை தரைவழியே வந்துவிட இயலுமா? இவ்வினாவிற்குச் செயலால் விடை கண்டோர் ஆறு இளைஞர்கள்.

1955ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள், ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் ஆகிய இரு பல்கலைக்கழகங்களின் பெயரால் அமைந்த ஒரு குழு இலண்டனிலிருந்து புறப்பட்டது. அவர்களிடம் இருந்தவை இரண்டு லேண்ட் ரோவர் வண்டிகள். ஒன்று கருநீலம், மற்றொன்று வெளிர்நீலம். அவ்விரு பல்கலைக்கழகங்களின் பெயர்களையே அவ்வண்டிகளும் தாங்கியிருந்தன. ஏறத்தாழ ஆறு திங்கள் பயணத்திற்குப் பின், 1956ஆம் ஆண்டு மார்ச் 6ஆம் நாள் அவை சிங்கப்பூரை வந்தடைந்தன. இலண்டனிலிருந்து சிங்கப்பூர் வரை தரைவழியே வண்டியோட்டி வந்த முதற்குழு என்னும் சிறப்பு அவர்களுக்கு உரியதாயிற்று. குழுவினருள் ஒருவரான டிம் ஸ்லெசர் எழுதிய பயணநூல் 1957இல் வெளிவந்தது.

இப்பயணத்தில் நாம் முதற்கண் கருதத்தக்கது அதன் திட்டம். ஆசிரியத் தொழிலில் புகும் எவரும் பாடம் நடத்துமுன் பாடக்குறிப்பு எழுதக் கற்கின்றனர். குறிப்பின்றி வகுப்பிற்குள் செல்வோன் நடுவழியில் தடுமாறுவான். குறிப்பையே கட்டிக்கொண்டு நிற்போன் மாணவர் முகத்தைக் காணமாட்டான். நெடும்பயணத்திற்கும் இவ்விதி பொருந்தும். அவ்வாறு இளைஞரும் பணிகளைத் தமக்குள் பகிர்ந்துகொண்டனர். ஏட்ரியன் கோவெல் பொருளும் பொருட்கொடையும் திரட்டும் பொறுப்பை ஏற்றார். ஹென்றி நாட் இயந்திரங்களைப் பேணினார். பேட் மர்பி வழிகாட்டும் பணியை மேற்கொண்டார். ஆன்டனி பாரிங்டன் பிரவுன் படம் பிடித்தார். ஸ்லெசர் எழுத்துப் பணியை ஏற்க, நைஜல் நியூபெரி ஆறாமவராக உடன் உழைத்தார். வண்டிகளை லேண்ட் ரோவர் நிறுவனம் தந்தது. அந்நாளில் பிபிசியில் இளம் தயாரிப்பாளராக இருந்த டேவிட் அட்டன்பரோ படச்சுருள் கொடுத்து உதவினார்.

புறப்பட்ட காலத்தையும் நோக்குதல் வேண்டும். செப்டம்பரில் இலண்டனை விட்டமையால், ஐரோப்பாவில் பனி இறுகுமுன் அதனைக் கடந்தனர். பர்மாவின் மலைக்காடுகளை அடைந்தபோது அங்கு மழையற்ற பருவம். இரண்டு திங்கள் முன்பின்னாகியிருப்பின், ஒன்று பனி தடுத்திருக்கும், அன்றேல் சேறு விழுங்கியிருக்கும். நாள் குறிப்பது சடங்கன்று. பயணத்தின் உயிர்நாடி அதுவே.

வழி கூறும் கலை தமிழர்க்குப் புதியதன்று. ‘ஆறு’ என்னும் சொல்லுக்கே வழி என்பது பொருள். பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படை வகையைச் சார்ந்தவை. அவற்றுள் மலைபடுகடாம், மலைவழியே செல்லும் கூத்தர்க்கு எங்கே இடர் உண்டு, எங்கே உணவு கிடைக்கும், எவரை நம்பலாம் என்றெல்லாம் விரித்துரைக்கின்றது. முன்னே சென்று மீண்டவன் பின்னே செல்வோனுக்கு வழி சொல்லுதலே ஆற்றுப்படை. அவ்வாறு இளைஞர்க்கோ, பயணத்தின் மிகக் கடினமான பகுதிக்கு அவ்வாறு சொல்லுவார் அரியர்.

அப்பகுதி எது? இந்தியாவின் லீடோ என்னும் ஊரிலிருந்து பங்சாவ் கணவாயைக் கடந்து பர்மாவின் மிச்சினாவுக்குச் செல்லும் சாலை. இரண்டாம் உலகப் போரின்போது, சப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதால் சீனத்திற்குச் செல்லும் தரைவழி அடைபட்டது. அதனை மீட்கும் பொருட்டு 1942ஆம் ஆண்டு இறுதியில் அமெரிக்கப் படையினர் இச்சாலையை அமைக்கத் தொடங்கினர். 1945 பிப்ரவரியில் முதல் வண்டித்தொடர் அதன் வழியே சீனத்தின் குன்மிங் நகரை எட்டியது. லீடோவிலிருந்து குன்மிங் வரை அதன் நீளம் ஏறத்தாழ 1,736 கிலோமீட்டர். பணியாற்றிய அமெரிக்கப் படைவீரருள் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். அவர்களோடு பல்லாயிரம் உள்ளூர்த் தொழிலாளரும் பாடுபட்டனர். ஆயிரத்திற்கு மேற்பட்ட அமெரிக்கரும், அவர்களினும் மிகுதியான உள்ளூர் மக்களும் அங்கே மாண்டனர். போர் முடிந்தபின் காடு அச்சாலையை மீண்டும் மூடத் தொடங்கியது. பத்தாண்டு கழித்து அந்த இரு வண்டிகளும் வந்தபோது, சிதைந்து கிடந்த அவ்வழியே அவற்றுக்குப் பாதையாயிற்று. பின்னர் ஷான் மலைநாட்டில் சால்வின் ஆற்றைக் கடந்து அவை சயாம் புகுந்தன. மலாயாவிலோ அப்போது அவசரகாலம். 1948இல் தொடங்கிய அது 1960 வரை நீடித்தது.

இங்கே நாம் சற்று நின்று சிந்தித்தல் வேண்டும். அறுவரின் துணிவைப் போற்றுதல் தகும். ஆனால் துணிவுடையோன் நடப்பதற்கும் ஒரு வழி வேண்டும். அவ்வழியை யார் வகுத்தார்?

அவ்வண்டிகள் கடந்துவந்த நிலப்பரப்பில் தமிழர் சிந்திய வியர்வையும் குருதியும் சிறிதல்ல. 1942இல் சப்பானியர் பர்மாவில் புகுந்தபோது, அங்கு வாழ்ந்த தமிழர் உள்ளிட்ட இந்தியர் இலட்சக்கணக்கில் வெளியேறினர். அவர்களுள் பெருந்தொகையினர் மலைகளையும் காடுகளையும் கால்நடையாகவே கடந்தனர். பசியாலும் நோயாலும் வழியில் இறந்தோர் பல்லாயிரவர். அவர்களிடம் திட்டம் இல்லை, வண்டி இல்லை, வரவேற்கக் காத்திருந்தோரும் இல்லை. அதே ஆண்டில் சயாமையும் பர்மாவையும் இணைக்கச் சப்பானியர் இருப்புப்பாதை போடத் தொடங்கினர். 1943 அக்டோபரில் முடிவுற்ற 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையை நம்மவர் ‘சயாம் மரண ரயில்’ என்றே இன்றும் சுட்டுகின்றனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் அங்கே மடிந்தனர்.

சிங்கப்பூர்ச் சாலைகளின் வரலாறும் இதற்கு விலக்கன்று. 1825 முதல் 1873 வரை இந்தியக் கைதிகள் இத்தீவில் சாலை அமைக்கவும் கட்டடம் எழுப்பவும் பயன்படுத்தப்பட்டனர். புனித ஆண்ட்ரூ தேவாலயமும் இஸ்தானா மாளிகையும் அவர்கள் உழைப்பைத் தாங்கி நிற்பவை. வடக்கே மலாயாவின் தலைநிலத்திலும் பொதுப்பணித் துறையின் சாலைகளில் கல்லுடைத்து மண் சுமந்தோருள் தென்னிந்தியர் மிகுதி.

தீவின் தலையாய வழிகளுள் ஒன்றாகிய புக்கிட் தீமா சாலை நெடுங்காலமாக நகரத்தையும் தீவின் வடபகுதியையும் இணைத்து வந்துள்ளது. அதன் நகர்ப்புற முனை எங்கே உள்ளது? சிராங்கூன் சாலை தொடங்கும் அதே சந்திப்பில், தேக்காச் சந்தையின் அருகில். நாள்தோறும் நாம் காய்கறி வாங்கித் திரும்பும் அந்த இடம், வடக்கே ஜொகூரை நோக்கிச் செல்லும் பழைய வழியின் தொடக்கம் என்பதை நம் மாணவருள் எத்துணைப் பேர் அறிவர்? அங்கிருந்து ஒரு கோட்டைக் கடற்பாலம் வரை இழுத்து, பின்னர் பாங்காக், மண்டலே, கல்கத்தா என நீட்டிச் செல்லும்படி ஒரு வகுப்பில் கூறினால், நிலவியலும் வரலாறும் ஒரே பாடமாக அமையும்.

அக்கோடு எப்போதும் திறந்திருப்பதன்று என்பதையும் அவர்கள் அறிதல் நன்று. ஆசிய நெடுஞ்சாலை என்னும் திட்டம் ஐக்கிய நாட்டு அமைப்பின் ஆதரவில் 1959இல் தொடங்கியது. அதற்கான நாடுகளுக்கிடையிலான உடன்பாடு 2005இல் நடைமுறைக்கு வந்தது. ஏடுகளில் சாலை நீண்டது. எல்லைகளிலோ கதவுகள் மூடுவதும் திறப்பதுமாக இருந்தன. 2019ஆம் ஆண்டு ஆகஸ்டில், பழைய ‘ஆக்ஸ்ஃபோர்டு’ வண்டி பழுதுபார்க்கப்பெற்றுச் சிங்கப்பூரிலிருந்து இலண்டன் நோக்கிப் புறப்பட்டது. எண்பது அகவை கடந்த ஸ்லெசர் அதில் செல்ல விரும்பினார். உடல்நலம் இடந்தராமையால் அவருடைய பேரன் அவ்விடத்தில் அமர்ந்தார். டிசம்பரில் வண்டி இலண்டனை அடைந்தது. 2021 பிப்ரவரியில் மியன்மாவில் படையினர் ஆட்சியைக் கைப்பற்றியபின் உள்நாட்டுப் போர் மூண்டது. அவ்வழி மீண்டும் இடர் மிக்கதாயிற்று. ஆகவே, நெடுஞ்சாலைக்குத் தாரும் கல்லும் மட்டும் போதா. அண்டை நாடுகளின் அமைதியும் வேண்டும் என்பது தெளிவு.

அறுவர் பயணத்திற்கு நூல் உண்டு, திரைப்படம் உண்டு, வண்டிகளின் பதிவு எண்கள்கூடக் குறித்து வைக்கப்பட்டுள்ளன. சாலை அமைத்தோர்க்கும் கால்நடையாய் வந்தோர்க்கும் இவற்றுள் எத்துணை உண்டு? பயணம் செய்தோர் குறிப்பெழுதினர், அதனால் நினைக்கப்படுகின்றனர். எழுதும் வாய்ப்பற்றோர் தம் வீட்டாரிடம் சொல்லிச் சென்றனர். அச்சொற்கள் ஒரு தலைமுறை தாண்டினால் மறைந்துபோகும். பாட்டன் எந்தச் சாலையில் கல்லுடைத்தார், எந்தக் கணவாயைக் கடந்து வந்தார், சயாமுக்குப் போய்த் திரும்பாதவர் யார் என்று நம் மாணவர் தத்தம் இல்லங்களில் கேட்டு, ஆண்டும் இடமும் குறித்து ஏட்டில் பதிவார்களாக. முன்னோர் சென்ற வழியைப் பின்னோர்க்கு உரைக்கும் அப்பணி, நாம் நம் காலத்திற்கென எழுதத்தக்க ஆற்றுப்படையாகும்.