கிரேக்கர் கண்ட காதலும் தமிழர் வகுத்த பிரிவும்

போடிநாயக்கனூரிலிருந்து மலையேறும் சாலை போடிமெட்டை எய்தும்போது தமிழ்நாடு முடிந்து கேரளம் தொடங்குகிறது. மேலே ஏலத் தோட்டங்களும் குறிஞ்சி பூக்கும் மலைகளும். கீழே வெயில் காயும் சமவெளி. பிழைப்பின் பொருட்டு இவ்வழியே ஏறிச் சென்ற தமிழ்க் குடும்பங்கள் பல. 1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்தோடு சேர்ந்தன. மலைமேல் வாழ்ந்த தமிழர் அண்டை மாநிலத்தவராகவே நின்றுவிட்டனர். பிரிந்து வாழ்வோரிடையே அன்பு நிலைக்குமா என்னும் வினா இத்தகைய இடங்களில் வெறும் ஏட்டு வினா அன்று. அதனைக் கிரேக்க அறிஞரும் தமிழ்ப் புலவரும் எவ்வாறு நோக்கினர் என்பதை இப்பேச்சில் நாம் சிந்திப்போம்.

கி.மு. நான்காம் நூற்றாண்டில் பிளேட்டோ 'விருந்து' என்னும் உரையாடல் நூலை இயற்றினார். அகத்தோன் என்னும் நாடகப் புலவர் இல்லத்தில் கூடிய நண்பர்கள் ஒருவர்பின் ஒருவராகக் காதலைப் போற்றுகின்றனர். ஆதியில் இரட்டை உடலினராய் இருந்த மனிதரைச் சீயஸ் தெய்வம் இரண்டாகப் பிளந்தது என்றும், இழந்த பாதியைத் தேடுவதே காதல் என்றும் அரிஸ்டோபனீஸ் கதை கூறுகிறார். சாக்ரடீஸோ, தியோத்திமா என்னும் பெண்மணியிடம் தாம் கற்றதை உரைக்கிறார்: காதல் வளத்துக்கும் வறுமைக்கும் பிறந்த பிள்ளை, தன்னிடம் இல்லாததையே அது நாடும். ஓர் உடலின் அழகில் தொடங்கி, உள்ளத்தின் அழகு, அறிவின் அழகு எனப் படிப்படியாக ஏறி, அழியாத அழகைக் காண்பதே அதன் முடிவு. அந்த உச்சியை அடைந்தவன் முதற்படியில் தான் நேசித்த மனிதரை நினைப்பானோ என்னும் ஐயம் நமக்கு எழாமல் இல்லை.

பிளேட்டோவின் மாணவர் அரிஸ்டாட்டில், நிக்கோமாக்கிய அறநூலின் எட்டாம், ஒன்பதாம் பகுதிகளில் நட்பன்பை ஆராய்ந்தார். பயன் கருதியது, இன்பம் கருதியது, நற்குணம் கருதியது என அதனை மூவகையாக்கினார். முன்னிரண்டும் காரணம் நீங்கத் தாமும் நீங்கும், மூன்றாவதே நிலைக்கும். எனினும், கூடி வாழ்தலே நட்பின் உயிர் என்பது அவர் கொள்கை. தூரம் நட்பை உடனே அழிப்பதில்லை. ஆனால் பிரிவு நீண்டால் மறதி வந்து சேரும் என்று அவர் கருதினார்.

தொல்காப்பியம் ஒருதலைக் காமத்தைக் கைக்கிளை என்றும், பொருந்தாக் காமத்தைப் பெருந்திணை என்றும் ஒதுக்கி, ஒத்த அன்பை நடுவே ஐந்திணையாக வகுத்தது. புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் என்னும் ஐந்தும் அன்பின் ஒழுக்கங்களே. பிரிதலுக்குரிய பாலைக்கு மட்டும் அந்நூல் தனி நிலம் கூறவில்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். ஆகவே, பசுமையான மலையும் பிரிவின் நிலமாகக்கூடும்.

அகநானூற்றின் 400 பாடல்களில் ஒற்றைப்படை எண் பெற்ற 200 பாடல்களும் பாலைத்திணையின. பொருள் தேடி வேங்கடம் கடந்து மொழி வேறாகிய நாட்டுக்குச் செல்லும் தலைவனை மாமூலனார் போன்ற புலவர்கள் பாடினர். வீட்டில் இருப்பவள் சுவரில் கோடிட்டு நாள் எண்ணுகிறாள். புறப்பட எண்ணியவனோ, பொருள் பெரிதா, இவள் பெரிதா எனத் தன் நெஞ்சோடு வழக்காடுகிறான்.

அரிஸ்டாட்டில் மறதியின் வாயிலாகக் கண்ட பிரிவைத் தமிழ் மரபு அன்பின் ஒரு நிலையாகக் கொண்டது. அதனால் பிரிவு எளிதென்று அது சொல்லவில்லை. குறித்த பருவம் பொய்யாமல் மீள வேண்டும் என்னும் கடமையைப் பிரிந்தவன் மேல் வைத்தது. மொழி வேறாகிய நாடுகளில் வாழும் நாம் அக்கடமையையும் நம்மோடு கொண்டு வந்திருக்கிறோம்.