தொழிற்சாலை பூசிய நிறம்: அமெரிக்கக் கார் என்ஜின்களின் வண்ண வரலாறு

காரின் வெளித்தகட்டில் பூசப்பட்ட வண்ணம் வாங்குபவரின் கண்ணுக்காக ஏற்பட்டது. என்ஜின், கியர்பாக்ஸ், அங்கிருந்து சுழற்சியைப் பின்புறம் கொண்டுசெல்லும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், அதை வாங்கிச் சக்கரங்களுக்குப் பிரித்தளிக்கும் பின் ஆக்சில் ஆகிய இயக்கப் பாகங்களில் பூசப்பட்டதோ தொழிற்சாலையின் தேவைக்காகவே ஏற்பட்டது. விற்பனை வரை தாங்கினால் போதும் என்று குறைந்த செலவில் விரைவாகச் செய்து முடிக்கப்பட்ட இந்தப் பூச்சு, சில பத்தாண்டுகளுக்குப் பின் பழங்கார் புதுப்பிப்போரின் நுட்பமான ஆராய்ச்சிக்குரிய பொருளாக மாறியது எவ்வாறு என்பது இருபதாம் நூற்றாண்டுத் தொழில் வரலாற்றின் ஒரு சிறு கிளையாகும்.

என்ஜினுக்குப் பெயிண்ட் அடிக்க இரண்டு காரணங்கள் இருந்தன. வார்ப்பிரும்பால் ஆன என்ஜின், கிடங்கிலும் சரக்கு ரயிலிலும் ஈரக்காற்றில் கிடந்து துருப்பிடிக்கக்கூடாது என்பது முதற்காரணம். ஒரே நிறுவனம் பல பெயர்களில் கார்களையும் பல அளவுகளில் என்ஜின்களையும் செய்துவந்ததால், எது எதற்குரியது என்பது பார்த்த மாத்திரத்தில் தெரியவேண்டும் என்பது இரண்டாவது. 1955இல் ஷெவர்லே அறிமுகப்படுத்திய சிறிய வி-8 என்ஜினோடு ஆரஞ்சு அந்நிறுவனத்தின் அடையாளமாக நிலைபெற்றது. அதே ஜெனரல் மோட்டார்ஸ் குடும்பத்தில் 1960களின் பிற்பகுதியில் பான்டியாக் வெளிர்நீலத்தையும், ஓல்ட்ஸ்மொபீல் தன் 350 கன அங்குல என்ஜினுக்குப் பொன்னிறத்தையும், ப்யூக் சிவப்பையும் பயன்படுத்தின. கிரைஸ்லர் 1966இல் சாலைக் கார்களுக்கென வெளியிட்ட 426 ஹெமி என்ஜினுக்கு ஆரஞ்சு பூசியபோது, அதன் 440 என்ஜின் இன்னும் நீலப்பச்சையிலேயே வந்துகொண்டிருந்தது. ஃபோர்டு நிறுவனமோ என்ஜின் அளவுக்கேற்ப நிறம் மாற்றும் பழைய முறையைக் கைவிட்டு, 1966ஆம் ஆண்டு மாடல்களிலிருந்து எல்லா என்ஜின்களுக்கும் ஒரே நீலத்தை வகுத்தது.

இந்த நிறங்கள் குறித்த என்ஜின் அடையாளம் வாங்குபவர் மனத்திலும் இடம்பிடித்திருந்தது. ஓல்ட்ஸ்மொபீல் காரை வாங்கியவர்கள் அதில் ஷெவர்லே என்ஜின் பொருத்தப்பட்டிருப்பதை 1977இல் கண்டறிந்தபோது, ‘ராக்கெட்’ என்ற பெயரில் தன் என்ஜின்களைப் பல்லாண்டு விளம்பரப்படுத்திவந்த நிறுவனத்தின் மீது வழக்குகள் எழுந்தன. ஜெனரல் மோட்டார்ஸ் இழப்பீடு வழங்க நேர்ந்தது. அதே 1977ஆம் ஆண்டு மாடல்களில்தான் அந்நிறுவனத்தின் பல்வேறு பெயர்க் கார்களுக்கும் பொதுவான ஒரே நீலம் வந்தது. ஷெவர்லேயின் ஆரஞ்சும் அத்துடன் விடைபெற்றது.

நிறத்தைவிட அது பூசப்பட்ட முறையே புதுப்பிப்போருக்குக் கடினமான பாடமாக அமைந்தது. ஷெவர்லே என்ஜின்கள் தனித்தனிப் பாகங்களாக அல்லாமல் பெரும்பாலும் கோத்து முடித்த நிலையிலேயே ஸ்ப்ரே செய்யப்பட்டதால், போல்ட் தலைகளும் கேஸ்கட்டின் விளிம்புகளும் சேர்ந்தே நிறம் பெற்றன. எரிந்த வாயுவை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் மீது சிதறிய பெயிண்ட், கார் ஓடத் தொடங்கியதும் சூட்டில் கருகி உதிர்ந்தது. மூடிவைத்த அலுமினியப் பாகங்களின் ஓரங்களிலும் ஆரஞ்சுத் துகள்கள் படிந்தன. மன்சி நகரில் தயாரான நான்கு வேக கியர்பாக்ஸ் வார்த்த அலுமினியமாகவே பூச்சின்றி நின்றது. ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் வெறும் எஃகுக் குழாயாக இருக்க, எந்த வண்டிக்கு எது என்று தொழிலாளர் அறியும்பொருட்டு அதைச் சுற்றி வண்ணக் கோடுகள் இடப்பட்டன. சோதனை முடிந்த பாகங்களில் பரிசோதகர் பெயிண்டாலோ சுண்ணக்கட்டியாலோ ஒரு தீற்றல் இட்டார். போல்ட்டுகள் பலவற்றுக்குப் பெயிண்டே கிடையாது. 1906இல் இங்கிலாந்தில் காஸ்லெட் காப்புரிமை பெற்று, 1915இல் தொடங்கிய பார்க்கர் நிறுவனத்தின் வழியே அமெரிக்காவில் பரவிய பாஸ்பேட் முறைப்படி, அமிலக் கரைசலில் அமிழ்த்தி எண்ணெய் ஏற்றிய கருஞ்சாம்பல் மேற்பரப்பே அவற்றுக்குக் காப்பாக இருந்தது.

புதுப்பிப்புக் கலையின் தொடக்க காலத்தில் இவற்றை ஒருவரும் பொருட்படுத்தவில்லை. கண்காட்சிக்குச் செல்லும் காரில் கியர்பாக்ஸ் மெருகேற்றப்பட்டது. வெறும் இரும்பாக இருந்தவை பளபளக்கும் கறுப்பாயின. போல்ட்டுகள் குரோம் பூசப்பட்டன. இந்தப் போக்கைத் திருப்பியதில் ஷெவர்லேயின் கார்வெட் கார்களைச் சுற்றி எழுந்த அமைப்புகளுக்குப் பெரும்பங்கு உண்டு. 1973இல் இல்லினாய் மாநிலத்தில் தொடங்கிய புளூமிங்டன் கண்காட்சியும், 1974இல் உருவான தேசிய கார்வெட் புதுப்பிப்போர் சங்கமும், காரின் அழகை மதிப்பிடுவதற்கு மாறாக, ஆலையிலிருந்து வழக்கமாக வெளிவந்த நிலையோடு அதை ஒப்பிட்டு மதிப்பெண் வழங்கும் முறையை வளர்த்தன. அச்சங்கத்தின் உயர்நிலை விருதுக்கு 94 விழுக்காடு மதிப்பெண் தேவைப்பட்டது. அளவுக்கு மீறிய பளபளப்பும் குறையாகவே கணக்கிடப்பட்டது. இதன் விளைவாக, அவசரத்தில் வேலைசெய்த ஒரு தொழிலாளியின் கைப்பிசகைப் பொறுமையோடு திரும்பச் செய்துகாட்டுவது உயர்ந்த தேர்ச்சியாயிற்று.

அவ்வாறு செய்வதற்குச் சான்று வேண்டியிருந்தது. எவரும் கழற்றாத கிளிப்புகளின் அடியிலும், இரு பாகங்கள் ஒட்டியிருந்த இடுக்குகளிலும், எண்ணெய்ப் பிசுக்கு மூடிக் காத்த மூலைகளிலும் பழைய பெயிண்ட் தேடப்பட்டது. ஆலைகளின் பொருத்துமுறைக் கையேடுகளும் அக்கால நிழற்படங்களும் அதனோடு ஒப்பிடப்பட்டன. கார்வெட்டின் சிறிய என்ஜின்கள் ஃபிளின்ட் ஆலையிலிருந்தும் பெரியவை டோனவாண்டா ஆலையிலிருந்தும் வந்ததால், ஒன்றின் வழக்கத்தை மற்றதற்கு அப்படியே பொருத்த முடியவில்லை. சூடு ஏறி நிறம் மங்கிய பழைய பூச்சைப் பார்த்து ஆலையின் நிறத்தைத் தீர்மானிப்பதும், ஈயம் கலந்த நிறமிகள் வழக்கொழிந்த காலத்தில் அதே சாயலை வேறு நிறமிகளால் எட்டுவதும் தனிச் சிக்கல்களாயின. வெறும் இரும்பாகவே காட்சியளிக்க வேண்டிய பாகத்தைத் துருவிலிருந்து காக்க, வார்ப்பிரும்பின் சாம்பல் நிறத்திலேயே பெயிண்ட் அடிக்கும் முரணும் இதில் அடங்கும்.

இந்தத் தேடலே புதுப்பிப்பின் எல்லையையும் காட்டிக்கொடுத்தது. எந்தக் காரைப் பார்த்து மற்றவை சரிசெய்யப்பட்டனவோ அதைச் சுரண்டிப் புதிதாகப் பூசிவிட்டால், ஒப்பிடுவதற்கு மூலமே இல்லாமல் போகும். புளூமிங்டனில் 1990இல் தொடங்கிய ‘சர்வைவர்’ விருதும், பெபிள் பீச் கண்காட்சி 2001இல் ஏற்படுத்திய பாதுகாக்கப்பட்ட கார்களுக்கான பிரிவும், பழைய கட்டடங்களுக்கான 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனத்தைப் பின்பற்றி உலகப் பழங்கார்ச் சங்கக் கூட்டமைப்பு 2013இல் உறுதிசெய்த தூரின் சாசனமும், புதுப்பிப்பைவிடப் பாதுகாப்புக்கு முதலிடம் தந்தன. எத்துணைத் துல்லியமாகப் பூசினாலும் புதிய பெயிண்ட் ஆலையின் வழக்கத்தைப் பற்றிய ஒரு கருத்துரையே; உரிந்தும் கருகியும் எஞ்சியிருக்கும் பழைய பெயிண்ட் மட்டுமே அந்த வழக்கத்துக்கான சான்று. ஆகவே, சரியான நிறத்தை அறிந்தவருக்கும் முதற்கடமை, பூசத் தொடங்குமுன் எஞ்சியிருப்பதைப் பதிவுசெய்து, எங்கே கைவைக்கக்கூடாது என்று தீர்மானிப்பதே.