ஸ்ரீவில்லிபுத்தூர் நந்தவனம்: யாருடைய தோட்டம்?

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றதும் பலருக்கும் முதலில் ஞாபகம் வருவது பால்கோவா. (2019-இல் புவிசார் குறியீடு கூட வாங்கிவிட்டது!) அடுத்தது 11 நிலை ராஜகோபுரம். ராஜபாளையம் பக்கமிருந்து பஸ்ஸில் வருகிறவர்களுக்கு ஊர் வந்துவிட்டது என்று சொல்வதே அந்தக் கோபுரம்தான். ஆனால் இந்த ஊரின் கதை கோபுரத்தில் ஆரம்பிக்கவில்லை. ஒரு பூந்தோட்டத்தில் ஆரம்பிக்கிறது.

அந்த இடம் இன்றும் இருக்கிறது, வடபத்ரசாயி கோயிலுக்கும் ஆண்டாள் கோயிலுக்கும் நடுவில். ஊட்டி தாவரவியல் பூங்கா மாதிரி எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். துளசி, பூச்செடிகள், ஆண்டாளுக்கு ஒரு சின்ன சன்னதி. அவ்வளவுதான்.

விஷ்ணுசித்தர் என்ற பெரியாழ்வாரைக் கவிஞராகத்தான் நமக்குத் தெரியும். ஆனால் அன்றாடம் அவர் பார்த்த வேலை தோட்ட வேலை. செடி வைப்பது, தண்ணீர் ஊற்றுவது, பூப்பறிப்பது, மாலை கட்டுவது. மதுரையில் பாண்டியன் சபையில் வாதம் செய்து பொற்கிழி வென்றார் என்கிறது வைணவ மரபு. வென்ற பிறகும் அவர் திரும்பி வந்தது இந்தச் செடிகளிடம்தான். இங்கே துளசிக்கு அடியில் கிடைத்த குழந்தைதான் கோதை, அதாவது ஆண்டாள். திருப்பாவையில் வரும் வெள்ளி, வியாழன் குறிப்பை வைத்து மு. இராகவையங்கார் கி.பி. 731 என்று கணக்கிட்டார். 9-ஆம் நூற்றாண்டு என்பவர்களும் உண்டு.

நந்தவனத்துக்கு ஒரு கறாரான விதி உண்டு. அதன் பூ சாமிக்கு மட்டும். வேறு யாரும் சூடக் கூடாது, முகர்ந்து பார்க்கவும் கூடாது. அந்த விதியை மீறியது யார்? தோட்டக்காரரின் மகளே! பெருமாளுக்குக் கட்டிய மாலையைத் தான் போட்டு அழகு பார்த்தாள். (முகம் பார்த்ததாகச் சொல்லப்படும் கண்ணாடிக் கிணறு ஆண்டாள் கோயிலில் இருக்கிறது.) அப்பா பதறிப்போய் வேறு மாலை கட்டினார். பெருமாளோ அவள் சூடியதுதான் வேண்டும் என்றாராம். கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் அந்த மீறல் சடங்காகவே ஆகிவிட்டது. ஆண்டாள் சூடிய மாலை இன்றும் புரட்டாசி பிரம்மோற்சவத்தில் திருமலைக்கும், சித்திரையில் மதுரைக்கு வரும் கள்ளழகருக்கும் போகிறது.

இந்தக் கதை விஜயநகரம் வரை போனது. 1509 முதல் 1529 வரை ஆண்ட கிருஷ்ணதேவராயர் தெலுங்கில் எழுதிய காவியம் ஆமுக்தமால்யதா. பெயரின் பொருளே 'சூடிக் கொடுத்தவள்' என்பதுதான். வடக்கே யுத்தம் நடத்திக்கொண்டிருந்த ஒரு சக்கரவர்த்திக்கு எங்கோ தெற்கே இருந்த தோட்டக்காரரின் வீட்டுக் கதை எதற்கு என்று யோசிக்கத் தோன்றுகிறது. வீட்டில் தெலுங்கு பேசும் ராஜுக்கள் வாழும் ராஜபாளையம் பத்துப் பதினோரு கிலோமீட்டரில் இருப்பதால், அந்தக் காவியம் இந்தப் பக்கத்துக்கு அந்நியமும் இல்லை.

சரி, தலைப்புக்கு வருவோம். நந்தவனம் யாருக்குச் சொந்தம்? சோழர், பாண்டியர் காலக் கல்வெட்டுகளில் 'திருநந்தவனப்புறம்' என்ற சொல்லைப் பார்க்கலாம். தோட்டச் செலவுக்கென்று தனியாக ஒதுக்கிய நிலம். மூலதனத்தைத் தொடாமல் அதன் விளைச்சலில் தோட்டம் நடக்க வேண்டும், அதைப் பராமரிப்பவர்களுக்கும் அதிலிருந்தே கூலி. இன்றைய அறக்கட்டளைக் கணக்கு மாதிரியேதான்!

லண்டன் ஹைட் பார்க்கின் கதை வேறு மாதிரி. அது மடத்து நிலம். 1536-இல் எட்டாம் ஹென்றி அதை எடுத்துக்கொண்டு வேட்டைக்காடாக்கினார். 1637-இல் முதலாம் சார்லஸ் மக்களுக்குத் திறந்துவிட்டார். வியன்னாவின் பிராட்டர் தோட்டமும் அரச குடும்பத்தின் வேட்டைக்காடுதான். 1766-இல் இரண்டாம் ஜோசப் போட்ட உத்தரவில் கதவு திறந்தது.

இங்கே தோட்டம் எந்த ராஜாவின் சொந்தச் சொத்தும் இல்லை, சாமியுடையது. அப்படியானால் எல்லோரும் உள்ளே போக முடிந்திருக்க வேண்டும் அல்லவா? முடியவில்லை. கோயில் வாசலிலேயே ஜாதி மறித்தது. பக்கத்து சிவகாசியில் நாடார்கள் கோயிலுக்குள் போகும் உரிமை கேட்டதை ஒட்டி 1899-இல் பெரும் கலவரமே நடந்தது. 1939 ஜூலை 8-இல் வைத்தியநாதய்யர் தலைமையில் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் தலித்துகளும் நாடார் ஒருவரும் நுழைந்தார்கள். சென்னை மாகாணம் முழுவதற்குமான ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது 1947-இல். பிராட்டர் திறந்து 181 வருஷம் கழித்து! துளசிக்கு அடியில் கிடந்த, யார் பெற்றதென்றே தெரியாத ஒரு குழந்தையைத் தெய்வமாக வைத்திருக்கும் தோட்டத்துக்கு இவ்வளவு தாமதம் கொஞ்சம் அதிகம்தான்.

ஆடிப்பூரத் தேருக்குப் போகிறவர்கள் கூட்டத்தில் நந்தவனத்தைக் கவனிக்காமலே திரும்பிவிடுகிறார்கள். சாதாரண நாளில், காலை நேரத்தில் போங்கள். வடபத்ரசாயியைப் பார்த்துவிட்டு ஆண்டாள் சன்னதிக்கு நடக்கும்போது வரும். பால்கோவாவை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.