அறிவிக்கப்படாத நாற்காலிகள்

விருத்தாசலம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது பழமலைநாதர் கோயிலும், பீங்கான் பொம்மைகளும்தான். ஆனால் பீங்கான் சூளைகள் வருவதற்கு வெகுகாலம் முன்பு, பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் ஒரு தாலுகாவாக இருந்த இந்த ஊரில் மாதச் சம்பளம் என்றால் அது கச்சேரி உத்தியோகம்தான். அந்த உத்தியோகம் யாருக்குக் கிடைத்தது?

அன்றைய சென்னை மாகாணத்தில் கீழ்நிலை வேலைகளுக்குப் போட்டித் தேர்வு கிடையாது. வேலை தேடும் இளைஞன் சம்பளம் இல்லாமல் கச்சேரியில் எடுபிடியாக இருந்து எழுத்து வேலை பழகுவான். இவர்களுக்கு 'உமேதுவார்' என்று பெயர். ஓர் இடம் காலியானால் அங்கேயே உட்கார்ந்திருக்கும் உமேதுவாருக்குத்தான் முதலில் தெரியும். சரி, உமேதுவாராக உள்ளே நுழைவது எப்படி? உள்ளே மாமனோ சித்தப்பனோ இருக்க வேண்டும்!

இதன் விளைவு 1851ல் நெல்லூர் மாவட்டத்தில் வெளிப்பட்டது. அங்கே வருவாய்த் துறையில் பணியாற்றிய 49 பேர் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவர்கள் என்று தெரிய வந்தது. 1854ல் வருவாய் வாரியம் தனது நிலையாணை 128(2) மூலம் கலெக்டர்களுக்கு உத்தரவிட்டது. செல்வாக்குள்ள சில குடும்பங்கள் மட்டுமே பதவிகளைப் பிடித்துக்கொள்ள விடக்கூடாது, முக்கியப் பதவிகளைப் பல சாதியாருக்கும் பகிர்ந்து கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

நல்ல உத்தரவுதான். ஆனால் பகிர்ந்து கொடுக்கச் சொன்னதே தவிர, காலியிடத்தை ஊரறியச் சொல்லும்படி சொல்லவில்லை. கலெக்டர் மாறிக்கொண்டே இருப்பார், சிரஸ்தார் அங்கேயே இருப்பார். பூனையிடமே பாலுக்குக் காவல் கொடுத்த கதைதான்.

62 ஆண்டுகள் கழித்து, 1916ல் வெளியான பிராமணரல்லாதார் அறிக்கையும் அரசுப் பதவிகள் ஒரு பிரிவினரிடமே குவிந்திருப்பதைத்தான் புள்ளிவிவரத்தோடு எடுத்துக்காட்டியது. 1921ல் நீதிக்கட்சி ஆட்சியில் வந்த முதல் வகுப்புவாரி அரசாணை, அதே 1854 உத்தரவின் கொள்கையைப் பல துறைகளுக்கும் விரிவாக்கச் சொன்னது. 1924ல் பணியாளர் தேர்வு வாரியம் வந்தது. 1929ல் சட்டத்தின் மூலம் சென்னை சர்வீஸ் கமிஷன் உருவானது. இந்திய மாகாணங்களில் இதுவே முதலாவது. இன்றைய தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் மூதாதை இதுதான். ஆள் எடுக்கும் அதிகாரம் கச்சேரியின் உள்ளறையிலிருந்து வெளியே வந்தது அப்போதுதான்.

சுதந்திர இந்தியாவில் 1959ல் காலியிடங்களைக் கட்டாயமாக அறிவிக்கும் சட்டம் இயற்றப்பட்டது. காலியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது அது. ஆனால் அதில் இரண்டு ஓட்டைகள். 25 பேருக்குக் குறைவானவர்கள் வேலை செய்யும் தனியார் நிறுவனங்கள் அதில் வரவில்லை. விருத்தாசலத்துச் சிறு சூளைகளைப் போன்றவற்றில் யாராவது சொல்லித்தான் வேலை தெரியும். இரண்டாவது ஓட்டை இன்னும் பெரியது. பதவி உயர்வால் நிரப்பப்படும் இடங்களுக்குச் சட்டம் விலக்கு அளித்திருந்தது. அதாவது, பத்து வருடம் உள்ளேயே உழைத்தவருக்கும் மேலே ஓர் இடம் காலி என்று தெரிவிக்க இந்தச் சட்டப்படி கட்டாயமில்லை! (இந்தச் சட்டம் பின்னர் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டது.)

நீதிமன்றங்கள் சில கதவுகளைத் திறந்தன. தெற்கு ரயில்வே தொடர்பான ரங்காச்சாரி வழக்கில், அரசியலமைப்பின் 16ஆவது பிரிவு தரும் சம வாய்ப்பு பதவி உயர்வுக்கும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 1961ல் கூறியது. 1996ல் இன்னொரு வழக்கில், வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குச் சொன்னால் மட்டும் போதாது, பத்திரிகையிலும் விளம்பரம் செய்ய வேண்டும், அலுவலக அறிவிப்புப் பலகையிலும் ஒட்ட வேண்டும் என்றது. ஆனால் இவை அரசு வேலைகளைப் பற்றியவை. தனியார் நிறுவனத்தின் உள்ளே நடக்கும் பதவி உயர்வுக்கு 16ஆவது பிரிவு போய் எட்டாது.

யோசித்துப் பாருங்கள். விண்ணப்பித்துத் தோற்றவருக்காவது ஏன் என்று கேட்க ஒரு கேள்வி இருக்கிறது. இடம் காலி என்றே தெரியாதவருக்கு அதுவும் இல்லை. 1854ல் ஒரு வாரியம் உத்தரவு போட்டும் தீராத நோய்க்கு மருந்து, எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டப்பட்ட ஒரு தாளில் இருந்தது.